ஆள் பார்த்து அடித்த காய்ச்சல்: கியூபா, 1981

ஒரே வீடு, ஒரே கொசு. அண்ணனுக்கு நாலு நாள் காய்ச்சல். கஞ்சி குடித்து எழுந்துவிடுகிறான். தம்பி ஐ.சி.யூ.வில் கிடக்கிறான். 'ஏன் இவனுக்கு மட்டும் இப்படி?' என்று அம்மா கேட்கிறாள். டெங்கு வரலாற்றில் ஒரு நாடே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது.

1981-இல் கியூபாவில் டெங்கு வெடித்தது. சுமார் நாலு மாதத்தில் 3,44,203 பேருக்குக் காய்ச்சல். அதில் 10,312 பேருக்கு நோய் தீவிரமானது. இரத்தக் குழாய்கள் கசிந்தன, சிலர் அதிர்ச்சி நிலைக்குப் போனார்கள். இறந்தவர்கள் 158 பேர். அவர்களில் 101 பேர் குழந்தைகள். அமெரிக்காவின் சதி என்றார் காஸ்ட்ரோ. மருத்துவர்கள் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள்.

முதல் விடை பழைய காய்ச்சலில் கிடைத்தது. 1977-இல் டெங்கு வைரஸின் முதல் வகை தீவு முழுக்கப் பரவியிருந்தது. 1981-இல் வந்தது இரண்டாம் வகை. முதல் காய்ச்சல் விட்டுச்சென்ற எதிர்ப்புப் புரதங்கள் இரண்டாவது வைரஸைக் கொல்லாமல், அது செல்லுக்குள் நுழைய வழிகாட்டிவிடும் என்ற கருத்தை ஸ்காட் ஹால்ஸ்டெட் ஏற்கெனவே முன்வைத்திருந்தார். கியூபா அதற்குப் பெரிய சாட்சி ஆனது.

ஆனால் அது போதவில்லை. இரண்டு முறை கடிபட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். எல்லோரும் ஏன் விழவில்லை? ஹவானாவில் குஸ்மான், கௌரி போன்ற ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது ஒன்று தெரிந்தது. கறுப்பின மக்களிடம் தீவிர டெங்கு குறைவு, வெள்ளையரிடம் அதிகம். 1997-இல் சாண்டியாகோ டி கியூபாவில் இரண்டாம் வகை திரும்பி வந்தபோதும் இதே போக்கு. பக்கத்து ஹெய்ட்டியிலும் டெங்கு தாராளமாகச் சுற்றியது, ஆனால் தீவிர நோய் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால் 'கறுப்பர்களைக் காய்ச்சல் அண்டாது' என்ற பேச்சுக்கு ஒரு அசிங்கமான பழைய வரலாறு இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் காலத்தில் அமெரிக்கக் கண்டத்துத் தோட்ட முதலாளிகள் அடிமை முறைக்கு அதையே நியாயமாகச் சொன்னார்கள். டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவும் ஆப்பிரிக்காவிலிருந்து அந்த அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில்தான் வந்தது.

கியூபத் தரவே அந்தப் பேச்சை உடைக்கிறது. தீவிர டெங்குவுக்கான ஆபத்துகளில் ஒன்றாக அங்கே அரிவாள் செல் சோகையும் பதிவானது. அதுவும் மரபணு நோய்தான். பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது. ஆக, ஒரே வம்சாவளி ஒரு கையால் காக்கிறது, இன்னொரு கையால் தள்ளிவிடுகிறது. தோல் நிறத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

விடையைத் தேடி ஆய்வுகள் தோலைத் தாண்டி மரபணுவுக்குள் போயின. 2011-இல் வியட்நாமில், அதிர்ச்சி நிலைக்குப் போன 2,008 குழந்தைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எம்.ஐ.சி.பி., பி.எல்.சி.இ.1 என்ற இரண்டு மரபணுக்கள் அகப்பட்டன. முதலாவது, வைரஸ் புகுந்த செல்லைக் காட்டிக்கொடுக்கும் வேலையோடு தொடர்புடையது. இரண்டாவது, இரத்தக் குழாய்ச் சுவரின் உறுதியோடு சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2017-இல் கியூபர்களிடம் நடந்த ஆய்வு ஓ.எஸ்.பி.பி.எல்.10 என்ற கொழுப்பு சார்ந்த மரபணுவைச் சுட்டியது. ஆய்வகத்தில் அதன் செயல்பாட்டைக் குறைத்தால் வைரஸ் பெருகுவதும் குறைந்தது.

இவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். யார் தலையெழுத்தையும் இவை தனியாக எழுதுவதில்லை. முந்தைய காய்ச்சல், வயது, உடனிருக்கும் நோய் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

1981 அக்டோபரில் அந்தக் கொள்ளை அடங்கியது. அப்போது இந்த மரபணுக்களில் ஒன்றைக்கூட யாருக்கும் தெரியாது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தார்கள், மருந்து அடித்தார்கள், 1,16,000-க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனித்தார்கள். யாருக்கு ஆபத்து என்று தெரியாததால் எல்லோரையும் பார்த்துக்கொண்டார்கள். மரபணுப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் மறக்கக் கூடாத பாடம் அது.