கப்பலேறிய ஒழுக்க நூல்

ஒரு சமயம் பரவிய நாடுகளை உலகப் படத்திற் காட்டுதல் எளிது. அது சென்ற விதத்தை அறிவதற்கோ வணிகரின் வழிகளைப் பின்தொடர வேண்டும்.

கி.பி. 399 இல் பாகியன் என்னும் சீனத் துறவி, பௌத்த சங்கத்தின் ஒழுக்க நூல்களைத் தேடிப் புறப்பட்டார். பட்டு வணிகர் சென்ற பாலைவழியே இந்தியாவை அடைந்து, பின்னர் கடல் கடந்து இலங்கைக்கு வந்தார். உடன் புறப்பட்டோர் இறந்தும் பிரிந்தும் போயினர். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில், புத்தர் சிலையின்முன் வணிகனொருவன் காணிக்கையாக வைத்த சீன வெண்பட்டு விசிறியைக் கண்டதும் அவர் கண்ணீர் உகுத்தார்.

ஈராண்டு இங்கே தங்கி, சீனத்திற் கிடையாத நூல்களைப் பெற்று, வணிகக் கப்பலொன்றில் ஏறினார். புயல் வீசிற்று, கப்பலினுள் நீர் புகுந்தது. வணிகர் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியனும் தம் நீர்க்கலத்தை எறிந்தார். நூல்களையும் எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம். நூல்கள் தப்பின. யவத்துவீபத்தில் ஐந்து மாதம் தங்கியபின், 412 இல் அவர் சீனக் கரை சேர்ந்தார்.

இலங்கையிற் பெற்ற மகீசாசக வினயம் அவர் மறைந்த பின்னரே சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. பெருஞ்சமயங்கள் பரவிய வரலாற்றில் மன்னரின் ஆணைகளுக்கு இடமுண்டு; பருவக்காற்றுக்கும், பெயரறியா மாலுமிகளுக்கும், முதியவரொருவரின் மனவுறுதிக்கும் அதில் இடமுண்டு.