கூதிர்க் காலமும் ஈளை நோயும்

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தமிழ்நாடு பெறும் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆதலின் கூதிரே இந்நாட்டின், சிறப்பாகக் கீழைக் கரையின், மழைக்காலம் எனல் பொருந்தும். இப்பருவத்தில் உழவர் மகிழ்வர்; மூச்சுப் பிணியுடையோர் அஞ்சுவர். தும்மலும் மூக்கொழுக்கும் இருமலும் இரைப்பும் ஆண்டுதோறும் இக்காலத்தே மிகுதல் பல இல்லங்களும் அறிந்த செய்தி. இப்பிணியை நம் முன்னோர் எவ்வாறு நோக்கினர், அதன் காரணம் பின்னர் எவ்வாறு அறியப்பட்டது, பழைய ஒழுகலாறுகளுள் கொள்ளத்தக்கன யாவை, தள்ளத்தக்கன யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். மூச்சு விடுங்கால் எழும் ஒலியால் இரைப்பு எனவும், மெய் தளர்தலால் இளைப்பு எனவும், மூச்சு வருந்தி இழுக்கப்படுதலால் இழுப்பு எனவும் இந்நோய் வழங்கப்பெறுகின்றது. ஈளை என்னும் சொல் கோழையையும் அதனால் வரும் நோயையும் ஒருங்கே குறிக்கும். ஈழத்தார் தொய்வு என்றும் முட்டு என்றும் கூறுவர். ஆஸ்துமா என்னும் கிரேக்கச் சொல்லும் மூச்சு வாங்குதல் என்னும் பொருளதே. இவை யாவும் நோயின் தோற்றத்தைக் கண்டு இட்ட பெயர்கள். காரணத்தைச் சுட்டுவன அல்ல. காரணம் புலப்படாத நிலையில் மக்கள் எங்கும் இவ்வாறே பெயரிட்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

காரணம் புலப்படாவிடினும் காலம் புலப்பட்டது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், வளி முதலாக எண்ணப்பட்ட மூன்றும் மிகினும் குறையினும் நோயாம் என்கின்றது. மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்றும் விதிக்கின்றது. காலம் என்பது ஈண்டுப் பருவத்தையும் உளப்படுத்தும் எனக் கொள்ளுதல் தவறாகாது. சித்த மருத்துவரும் ஈளையை ஐயம், வளி என்னும் இரண்டின் கேட்டால் விளைவதாகக் கொண்டு, வெம்மையுடைய சுக்கு, மிளகு, திப்பிலியையும், கோழையகற்றும் ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி ஆகியவற்றையும் ஆண்டனர். இவற்றுள் ஆடாதோடையின் வரலாறு குறிப்பிடத்தக்கது. அதனின்று வாசிசின் என்னும் காரப்பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை அடியொற்றி ஆக்கப்பட்ட புரோம்ஹெக்சின், 1960களில் கோழையை நெகிழச் செய்யும் மருந்தாக உலகெங்கும் பரவியது.

இனி, கூதிர்க் காலத்து இல்லம் எவ்வாறிருந்தது என்பதனைக் காட்ட நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையினும் சிறந்த சான்று பிறிதில்லை. 188 அடிகளான அப்பாட்டில், மழையால் மேட்டு நிலம் புகுந்த இடையர் கொள்ளியிற் கை காய்ச்சியும் நடுங்குகின்றனர். நகரத்து மாடங்களில், வேனிற்காலத்தே தென்றல் புகுந்த சாளரங்கள் தாழிட்டு அடைக்கப்படுகின்றன. விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி நூல் படியத் தொங்குகின்றன. சந்தனமும் அரைக்கும் கல்லும் பயனின்றிக் கிடக்கின்றன. கூந்தலுக்கு அகிலும் அயிரும் புகைக்கின்றனர். குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பிட்டுக் குளிர் காய்கின்றனர்.

இப்பாட்டு நோயைப் பற்றியதன்று, பிரிவைப் பற்றியது. ஆதலின் அதனுள் ஈளையைத் தேடிக் காணுதல் ஆராய்ச்சி நெறியாகாது. ஆயினும் குளிரைப் பகையாகக் கொண்ட வாழ்க்கைமுறை இதன்கண் முழுமையாகக் காணப்படுகின்றது. அடைத்த சாளரம், மூட்டிய நெருப்பு, புகைத்த நறும்பொருள், விலக்கிய தண்ணீர் என்னும் நான்கும் அதன் கூறுகள். இந்நான்கும் பின்னாளைய இல்லங்களிலும் காணப்படுதலை எவரும் அறிவர். மழைநாளில் குழந்தையை நீராட்டி, கதவடைத்த அறையிற் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் ஓர் எடுத்துக்காட்டு.

குளிர்தான் பகையா என்னும் வினாவிற்கு விடை மேனாட்டில் மெல்ல மெல்லக் கிடைத்தது. அவ்விடையைத் தேடியோருட் சிலர் தாமே நோயாளராயிருந்தமை வியப்பிற்குரியது. ஈளையால் வருந்திய ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளாயர் 1698இல் அந்நோய் பற்றித் தனிநூல் எழுதினார். ஜான் பாஸ்டாக் 1819இல், கோடைதோறும் தம் கண்ணையும் மூக்கையும் நெஞ்சையும் வருத்திய நோயைத் தம் வரலாறாகவே விளக்கினார். அவரைப் போன்றே துன்புற்ற மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, புல்லின் பூந்தாதினைத் தம் உடம்பிலேயே சோதித்து, அந்நோய்க்குக் காரணம் வெப்பமன்று, தாதே என 1873இல் நிறுவினார். பூஞ்சை வித்துகளையும் அவர் முகர்ந்து பார்த்து நோயுற்றார். 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, உடல் வேறுபட்டு வினைபுரிதலைக் குறிக்க அலர்ஜி என்னும் சொல்லைப் படைத்தார். தமிழில் அதற்கு ஒவ்வாமை என்பது அமைந்தது. தோற்றத்தால் அன்றிக் காரணத்தாற் பெயரிடும் நிலை இதனால் எய்தியது.

நம் மழைக்காலத்திற்கு மிகவும் பொருந்திய செய்தி ஆலந்து நாட்டு லைடன் நகரிற் கிடைத்தது. அந்நாடும் ஈரம் மிக்கது. அங்கு ஸ்டார்ம் ஃபான் லேவன் 1920களில், தூய காற்றுச் செலுத்திய தனியறைகளில் நோயாளரை இருத்தி அவர் நலம் பெறுதலைக் கண்டார். 1964இல் வோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர், வீட்டுத் தூசியின் தீமைக்கு முதன்மைக் காரணம் அதன்கண் வாழும் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுண்ணியே என வெளிப்படுத்தினர். அவ்வுண்ணி நீர் பருகுவதன்று. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஏற்று வாழ்வது. காற்றின் ஒப்பீரம் நூற்றுக்கு 50க்குக் கீழ் நெடுநாள் நிற்பின் அது மாயும். நம் கூதிர்க் காலத்து அடைத்த அறையும், உலராத மெத்தையும், பூஞ்சை படர்ந்த சுவரும் அதற்கு எத்துணை ஏற்றன என்பது சொல்லாமலே விளங்கும். இதனோடு மழைக்காலத்துப் பரவும் சளி நச்சுயிரிகளும் சேர்ந்து இரைப்பைத் தூண்டுகின்றன. 2009இல் உலக நலவாழ்வு நிறுவனம், வீட்டு ஈரமும் பூஞ்சையும் மூச்சு நோய்க்கு ஏதுவாதலை வழிகாட்டு நூலொன்றில் வலியுறுத்தியது.

இவ்வரலாற்றின் ஒளியிற் பழைய முறையை நிறுத்துப் பார்ப்போம். வெதுவெதுப்பான நீரும் உணவும் தொண்டைக்கு இதமாவன. அவற்றை விலக்க வேண்டுவதில்லை. மிளகும் ஆடாதோடையும் கோழைக்குத் துணையாகலாம். ஆயின் மூச்சுக் குழலின் அழற்சியை அவை தணிக்கும் என நம்பியிருத்தல் ஏதம் தரும். அடைத்த சாளரம் ஈரத்தை உள்ளே நிறுத்தும். ஆதலின் மழை ஓய்ந்தபொழுது திறத்தல் வேண்டும். ஒழுகும் கூரையைச் செப்பனிடுதலும், படுக்கை விரிப்புகளை 55 பாகை செல்சியசிற்குக் குறையாத வெந்நீரில் துவைத்து வெயிற்கண்டபொழுது உலர்த்துதலும் நலம். புகை முற்றும் விலக்கத்தக்கது. அது சாம்பிராணியாயினும், கொசுவத்தியாயினும், விறகடுப்பாயினும் மூச்சுக் குழலுக்குப் பகையே. குழந்தைகளுக்கு அதன் தீங்கு பெரிது.

மருந்து பற்றியும் ஒன்று கூறுதல் கடன். 1969இல் சால்பியூட்டமாலும் 1972இல் மூச்சுவழி ஏற்கும் பெக்ளோமெத்தசோனும் மருத்துவ வழக்கிற்கு வந்தன. முன்னது இறுகிய குழலை உடனே விரிப்பது. பின்னது அழற்சியைத் தணித்து நோய் வாராமற் காப்பது. உடனடி மருந்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது என உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இல் அறிவுறுத்தியது. ஆயினும் இன்ஹேலர் பழகிவிடும் என்னும் அச்சம் நம்மவரிடை இன்னும் நீங்கவில்லை. காப்பு மருந்தை மழைக்கு முன்னரே மருத்துவரிடம் உசாவித் தொடங்கி, நலமாயிருக்கும் நாளிலும் விடாது கொள்ளுதலே காலம் கருதிச் செய்தலாகும். மூச்சுத் திணறலால் ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமையும் உதடு நீலம் பாய்தலும் காணின், கசாயம் காய்ச்சிக் காலம் போக்காது மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

தொகுத்துரைப்பின், நம் முன்னோர் காலத்தைச் சரியாகக் கண்டனர். பகையைக் குளிர் எனக் கருதினர். பகை பெரும்பாலும் ஈரமும் அதனாற் பெருகும் நுண்பொருள்களும் என்பது பின்னோர் கண்டது. முன்னோர் பருவத்தை உற்று நோக்கிய திறத்தைப் போற்றிக்கொண்டு, அவர் இட்ட புகையை விடுத்தல் மரபிற்கு இழுக்காகாது. பழமையைக் காப்பதும் ஒரு குழந்தையின் மூச்சைக் காப்பதும் மாறுபடுமிடத்து மூச்சே முதன்மையுடையது என்பது எம் துணிபு.