திரையில் எழுதிய உபயம்

தென்காசிக் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் கோபுர வாசலில் அடிக்கும் காற்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய அரசன் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போன பாடல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அபூர்வம். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் அந்தப் பாடல்களில் ஒரு விசித்திரமான காரியம் செய்திருக்கிறான். இத்தனை பெரிய கோயிலை எடுப்பித்தவன் நான்தான் என்று மார்தட்டிக் கொள்வதை விட்டுவிட்டு, இதில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைப் பின்னால் சரிசெய்யப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்கிறான். பாண்டிய ராஜா, இன்னும் பிறக்காத ஒரு கொத்தனாரின் காலில் விழுகிறான்!

அதே மாதிரிக் கோயில்களில் தொங்கும் டியூப் லைட்டுகளைப் பாருங்கள். வெள்ளைக் குழாயின் மேல் கறுப்புப் பெயிண்டில், 'உபயம்' என்று ஆரம்பித்து, பெயர், தகப்பனார் பெயர், கடையின் பெயர், ஊர் என்று எழுதிக்கொண்டே போய், வெளிச்சம் வர வேண்டிய இடமெல்லாம் எழுத்தாக நிற்கும். இந்த வேடிக்கையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு ஒரு விளக்கைப் பற்றி. வீட்டுக்குள்ளே நாற்பது வருஷமாக எரிந்து கொண்டிருக்கும் டெலிவிஷன் என்னும் விளக்கைப் பற்றி. அதன் மேலும் உபயதாரர் பெயர் எழுதித்தான் இருக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் செங்கோட்டையில் என் மாமா ஒருவர். 'மகாபாரதம்' ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடிய காலம். அதாவது 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை. தெருவில் டெலிவிஷன் உள்ள வீடுகளை எண்ணிவிடலாம். மாமா வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் கூட்டம். ஹிந்தி ஒருவருக்கும் தெரியாது. கதை எல்லோருக்கும் தெரியும். கதை தொடங்குமுன் ஒரு கம்பெனியின் பெயர் திரையில் வரும். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மாமா ஒரு நாள் பொறுமை இழந்து, பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார்:

"ஏ மருமகனே, இன்னைக்கு ஆரு மண்டகப்படி?"

"சோப்புக் கம்பெனிக்காரன் மண்டகப்படி, மாமா."

"அப்படியா? பிரசாதம் எங்கே?"

"கடையிலே இருக்கு. காசு கொடுத்து வாங்கிக்கிடணும்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ சமூகத்துக்கோ உரியது. அன்றைக்கு அலங்காரம், மேளம், தீபாராதனை, சுண்டல் எல்லாம் அவர்கள் செலவு. அதற்கு மண்டகப்படி என்று பெயர். அழைப்பிதழில் நாளும் உபயதாரர் பெயரும் அச்சாகும். இதைவிடச் சரியாக டெலிவிஷன் வியாபாரத்தை விளக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். சாமி ஒன்றுதான், தேர் ஒன்றுதான், நாளுக்கு நாள் செலவு செய்கிறவர் மட்டும் மாறுகிறார். ஒரு வித்தியாசம் உண்டு. அதை அந்த மருமகன் சொல்லிவிட்டான்.

நம் தேசத்து டெலிவிஷன் இப்படிப் பிறக்கவில்லை. 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டில்லியில் பரீட்சார்த்தமாக அது தொடங்கியபோது யுனெஸ்கோ உதவி செய்தது. 1961-ல் பள்ளிக்கூடப் பாடங்களை ஒளிபரப்பியபோது அமெரிக்காவின் ஃபோர்டு ஸ்தாபனம் கைகொடுத்தது. 1975 ஆகஸ்டில் ஆறு மாநிலங்களில் இரண்டாயிரத்து நானூறு கிராமங்களுக்கு வானத்திலிருந்தே பாடம் நடத்தினார்கள். துணைக்கோள் அமெரிக்க நாஸாவினுடையது, ஒரு வருஷத்துக்கு இரவல். அந்தக் கிராமத்து ஜனங்கள் பார்த்தது உழவும் உரமும் குடும்பக் கட்டுப்பாடும். உபயதாரர் சோப்பு விற்க வரவில்லை.

மற்றபடி செலவை ஏற்றவர் நாம்தான். ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போய்ப் பணம் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. டெலிவிஷனுக்கும் அப்படி ஒரு லைசென்ஸ் இருந்தது. லைசென்ஸ் கட்டிய செங்கோட்டைக்காரர் பெயரை எந்த ரேடியோவும் சொன்னதில்லை, எந்தத் திரையும் காட்டியதில்லை. உண்மையான உபயதாரர் அவர். ஆனால் குழாய் விளக்கில் அவருக்கு இடமில்லை.

பெயர் சொல்லும் பழக்கம் கடல் கடந்து வந்தது. 1952-ல் மத்திய மந்திரி கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய ரேடியோ சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தது. கொழும்பு ரேடியோ அதை இரு கை நீட்டி ஏந்திக்கொண்டது, பற்பசையின் பெயரையும் சேர்த்து. ஒரு பாட்டுக்கு முன்னால் இன்னாருடைய தயவில் இதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் சங்கதியை நம் வீடுகள் அங்கேதான் கற்றுக்கொண்டன. பிறகு சர்க்காருக்கும் ஆசை வந்தது. 1967 நவம்பரில் விவிதபாரதியில் விளம்பரம். 1976 ஜனவரி முதல் தேதி டெலிவிஷனில் விளம்பரம். அதே வருஷம் ஏப்ரல் முதல் தேதி டெலிவிஷன் ரேடியோவிலிருந்து பாகம் பிரிந்து, தூர்தர்ஷன் என்று தனிக்குடித்தனம் போயிற்று.

1984 ஜூலை 7-ஆம் தேதி 'ஹம் லோக்' வந்தது. மெக்ஸிகோ தேசத்தில் தொடர்கதை மூலம் ஜனங்களுக்குப் புத்தி சொல்வதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் அப்படிச் செய்யலாம் என்று ஆரம்பித்த கதை. மனோகர் சியாம் ஜோஷி எழுதினார். குடும்பக் கட்டுப்பாடும் பெண்களின் நிலைமையும்தான் நோக்கம். செலவை ஏற்றுக்கொண்டது, இரண்டு நிமிஷத்தில் வேகும் ஒரு புதுவிதச் சேமியாவை அப்போதுதான் இந்தியாவில் விற்க வந்திருந்த கம்பெனி. கதை ஜனங்களுக்குப் பிடித்தது, உபதேசம் பிடிக்கவில்லை. முதல் சில வாரங்களுக்குப் பிறகு உபதேசத்தைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள். சேமியாவைக் குறைத்ததாகத் தகவல் இல்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளாக அது ஓடி முடிந்தபோது, தேசத்தில் ஜனத்தொகை குறைந்ததோ இல்லையோ, அந்தச் சேமியா இல்லாத சமையலறை குறைந்துவிட்டது. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தமும் உண்டு, பொறாமையும் உண்டு.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் நடந்த வழி வேறு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பெயர் போடுவது முதலில் கௌரவமாக ஏற்படவில்லை, நிபந்தனையாக ஏற்பட்டது. காசு வாங்கிக்கொண்டு ஒரு விஷயத்தை ஒலிபரப்பினால், யாரிடம் வாங்கினாய் என்று ஜனங்களுக்குச் சொல்லிவிடு என்று 1927-லேயே ரேடியோச் சட்டம் போட்டார்கள். 1934-ஆம் வருஷத்துச் சட்டமும் அதைத் திருப்பிச் சொல்லிற்று. நம் உபயம் புகழ்ச்சி; அவர்களுடையது வாக்குமூலம். 1952-ல் வியாபாரமில்லாத கல்வி டெலிவிஷனுக்கென்று 242 அலைவரிசைகளை ஒதுக்கி வைத்தார்கள். அந்த நிலையங்களில் நிகழ்ச்சி முடிந்ததும் பணம் கொடுத்தவரின் பெயர் வெறும் எழுத்தில் வரும். அலங்காரம் கிடையாது, முத்திரை கிடையாது.

1969-ல் குழந்தைகளுக்காக 'ஸெஸமி ஸ்ட்ரீட்' வந்தபோது அதை எழுதியவர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். முதல் நாள் நிகழ்ச்சியை வழங்கியவர்கள் யார் தெரியுமா? மூன்று ஆங்கில எழுத்துக்களும், 2, 3 என்ற இரண்டு எண்களும்! கார்னெகி, ஃபோர்டு ஸ்தாபனங்களின் பணத்தில், சர்க்கார் பணத்தில் நடந்த நிகழ்ச்சி அது. குழந்தைகளுக்கு மட்டும், இது எழுத்தின் உபயம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அகரத்தின் மண்டகப்படி என்று சொன்னால் எப்படி இருக்கும்!

ஆனால் அங்கேயும் எழுத்து வெறும் எழுத்தாக நிற்கவில்லை. 1971-ல் மொபில் எண்ணெய்க் கம்பெனி ஆங்கிலேய நாடகத் தொடர்களுக்குப் பணம் கொடுக்க முன்வந்தது. மற்ற எண்ணெய்க் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. பி.பி.எஸ். என்னும் அந்தப் பொது ஒளிபரப்பின் முதல் எழுத்துக்குப் பெட்ரோலியம் என்று அர்த்தம் சொல்லிக் கேலி செய்தார்கள். 1981-ல் சர்க்கார் மானியம் சுருங்கத் தொடங்கிய வேளையில், கம்பெனியின் முத்திரையையும் காட்டலாம் என்று காங்கிரஸ் சட்டத்தைத் தளர்த்திற்று. 1984-ல் கம்பெனியின் கோஷ வாக்கியமும் போடலாம், ஆனால் 'வாங்குங்கள்' என்று மட்டும் சொல்லக் கூடாது என்றார்கள். சொல்லாமல் சொல்வது எப்படி என்று கம்பெனிக்காரனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? முத்திரை அசைந்தது, சுழன்றது, சங்கீதம் சேர்ந்தது. அந்த வரிசையில் கடைசியாக ஒரு வரி வரும்: உங்களைப் போன்ற நேயர்களும் இதற்குப் பணம் தந்திருக்கிறார்கள் என்று. லைசென்ஸ் கட்டிய செங்கோட்டைக்காரருக்குக் கிடைக்காத மரியாதை அது. அந்த ஒரு வரிக்காக அவர்களுடைய எண்ணெய் முத்திரைகளைக்கூட மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2025 ஜூலையில் காங்கிரஸ் இரண்டு வருஷத்து மானியம் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட பொது ஒளிபரப்புக் கழகம் கடையைக் கட்டுவதாக அடுத்த மாதமே அறிவித்தது. இனிமேல் நேயர்கள் பெயர் கடைசி வரியில் இருந்தால் போதாது.

இங்கே தூர்தர்ஷனுக்கு என்று ஒரு முத்திரை உண்டே, அது கண்ணைப் போல் இரண்டு வளைவும் நடுவில் வட்டமும். ஆமதாபாத் டிசைன் பள்ளியில் தேவாசிஷ் பட்டாசார்யா என்ற மாணவர் வரைந்தது. ரவிசங்கரும், ஷெனாய் வித்வான் அலி அஹமத் ஹுஸேன் கானும் சேர்ந்து அதற்கு ராகம் கொடுத்தார்கள். அந்த ஷெனாயைக் கேட்டால் இன்றைக்கும் என் வயதுக்காரர்களுக்கு மனசு ஏதோ செய்யும். ராஜாங்கத்தின் முத்திரை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் முதல் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. வலம்புரிச் சங்கு எங்கள் பெரியவர்களுக்குப் பழகிய சின்னம். சங்கு போயிற்று, வேறு கோபுரம் வந்தது. ஊர் அப்படியே இருந்தது.

தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசைக்குப் 'பொதிகை' என்று பெயர் வைத்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு சந்தோஷம். குற்றாலத்து மலையைத் திரிகூடம் என்போம். அகஸ்தியர் பொதிகை அதற்குத் தெற்கே, பாபநாசத்துக்கு மேலே. இருந்தாலும் மலை எங்கள் மலை. டில்லிக்காரர்கள் ஒரு முத்திரையைக் கண்டுபிடிக்க, மதராஸ்காரர்கள் அதன் பக்கத்தில் எங்கள் மலையை எழுதினார்கள். இதற்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. தமிழின் உபயம் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் மாமா வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும்; உள்ளே அதே பெயர் மூலையில் மினுக்கிக் கொண்டிருக்கும். 2024 ஜனவரி 19-ஆம் தேதி அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'டிடி தமிழ்' என்று மாற்றினார்கள். படத்தின் தெளிவு கூடிற்று என்கிறார்கள். இருக்கலாம்.

மாமா அதைப் பார்க்க இல்லை. போன தடவை ஊருக்குப் போனபோது கோயிலுக்கும் போனேன். டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றியிருந்தார்கள். அவற்றில் பெயர் எழுத அகலமில்லை. உபயதாரர் பெயரைச் சுவரில் ஒரு சலவைக்கல் பலகையில் வெட்டியிருந்தார்கள். படிப்பதற்கு வெளிச்சம் நன்றாக இருந்தது. இரவு சென்னைக்குத் திரும்ப ஸ்டேஷனுக்கு வந்தேன். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் 'பொதிகை' என்று எழுதியிருந்தது.