மாமை என்றொரு நிறம்

அக்கா மகளுக்குச் சென்ற தை மாதம் திருமணம். நிச்சயம் முடிந்த மறுநாளே வீட்டில் பட்டியல்கள் முளைக்கத் தொடங்கிவிட்டன. மண்டபம், சமையல், பந்தல், புகைப்படம், பத்திரிகை என்று ஆளுக்கொரு தாள். அவற்றின் நடுவே, அழகு நிலையம் ஒன்று மணப்பெண்களுக்காக அச்சடித்த வழவழப்பான கையேடும் கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கவேண்டிய சிகிச்சைகள் அதில் வரிசையாக இருந்தன. முதல் வரியே, 'மாநிறப் பெண்களும் மணமேடையில் பளிச்சிடலாம்' என்றது. அந்த 'களும்' என்ற உம்மை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இலக்கணத்தில் அதை இழிவு சிறப்பு உம்மை என்பார்கள்.

மணமக்கள் தேவை விளம்பரங்களிலும் 'மாநிறம்' அப்படித்தான் வருகிறது. படிப்பு, வேலை, குணம் எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்ளும் குறையைப் போல. இந்தச் சொல்லின் மூத்த உறவான 'மாமை', ஒரு காலத்தில் தமிழில் பெண்ணழகின் பெயராகவே இருந்தது. அந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து போனால் மணப்பெண் அலங்காரத்தின் கதையில் ஒரு பகுதி துலங்கும் என்று தோன்றுகிறது.

தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கல்யாண வர்ணனைகள் அகநானூற்றில் இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று நல்லாவூர் கிழார் பாடிய 86-ஆம் பாட்டு. இன்றைய திருமணப் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரசியமானது. உழுந்து சேர்த்துக் குழைய வேகவைத்த உணவு, வரிசையாகக் கால் நட்ட குளிர்ந்த பந்தல், கொண்டுவந்து பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை, நாள் பார்த்துக் குறித்த விடியற்காலை என்று எல்லாமே இருக்கின்றன. புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை, தாலியும் இல்லை. சடங்கை நடத்துகிறவர்கள் பெண்கள். குடங்களையும் புதிய அகன்ற பாத்திரங்களையும் ஏந்திய முதிய பெண்டிர் ஒவ்வொன்றாக முறைப்படி எடுத்துத் தர, மகனைப் பெற்ற பெண்கள் நால்வர் கூடி, வாழ்த்துச் சொல்லி, மணமகளின் தலையில் நீரோடு பூவும் நெல்லும் சொரிகிறார்கள். ஈரக் கூந்தலில் பூவிதழும் நெல்லும் ஒட்டிக் கிடக்கின்றன. அன்றைய மணப்பெண் அலங்காரம் அதுதான்.

அந்த நால்வரையும் புலவர் ஓர் அடையாளத்தோடு காட்டுகிறார். பிள்ளை பெற்ற அவர்களுடைய வயிற்றில் திதலை படர்ந்திருக்கிறது. அந்த வயிற்றை அழகியது என்றும் சொல்கிறார். திதலை என்பதற்குத் தேமல் என்று உரை கூறுவது வழக்கம். மகப்பேற்றை ஒட்டிச் சொல்லப்படுவதால், கர்ப்பகாலத்தில் விரிந்த தோலில் தங்கிவிடும் வரிகளையும் அது குறிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. எப்படியானாலும், அக்கா மகளிடம் இருந்த கையேட்டில் 'நீக்கப்படவேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் வரும் ஒன்று, அந்தப் பந்தலில் மணமகளை நீராட்டுவதற்கான தகுதிச் சின்னமாக இருந்திருக்கிறது.

இன்னொன்று விற்றூற்று மூதெயினனார் பாடிய 136-ஆம் பாட்டு. அங்கே நெய் ஒழுகும் இறைச்சிச் சோறு விருந்து, புள் நிமித்தம் பார்க்கிறார்கள், முழவு ஒலிக்கிறது. அறுகம்புல்லும் வாகை இலையும் சேர்த்துக் கட்டிய வெண்ணூலைப் பெண்ணுக்குச் சூட்டுகிறார்கள். நகைகளும் உண்டு. அவற்றின் பாரத்தால் அவளுக்கு வியர்க்கிறது. அந்த வியர்வையை ஆற்றுகிறார்கள். முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணின் பின்னால் நின்றுகொண்டு கைக்குட்டையால் அவள் நெற்றியை ஒற்றிவிடும் தோழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூதெயினனார் நினைவுக்கு வருவார்.

இனி நிறத்துக்கு வருவோம். சங்கப் பாடல்களில் மாமை என்பது மாந்தளிரின் நிறம், கருமை கலந்த ஒளி. பெண்ணுக்கு அது இயல்பான அழகு, உடல்நலத்தின் அடையாளமும்கூட. அதற்கு எதிர்நிலையில் நிற்பது பசலை. காதலன் பிரிந்த துயரில் தோல் வெளிறி, பீர்க்கம்பூவைப் போல மஞ்சள் பாரித்துப்போகும் நிலை அது. குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியார், தன் மாமையைத் தனக்கும் பயனின்றித் தலைவனுக்கும் பயனின்றிப் பசலை உண்டுவிடப் பார்க்கிறது என்று தவிக்கிறார். வள்ளுவர் இந்த வெளிறலுக்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் ஒதுக்கிப் பத்துக் குறள்கள் எழுதியிருக்கிறார். சங்கத் தலைவிக்கு நிறம் குறைவது நோய். நம்முடைய கையேட்டுக்கோ நிறம் குறைவதுதான் சிகிச்சையின் வெற்றி. அவள் அஞ்சிய ஒன்றை இன்று மாதத் தவணையில் வாங்குகிறோம்.

அலங்காரமே வேண்டாம் என்று பழந்தமிழர் இருந்துவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க மாதவி நீராடுகிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீர். பிறகு நறும்புகையில் கூந்தலை உலர்த்தி, கால்விரல் மோதிரம் தொடங்கித் தலைக்கோலம் வரை அணிந்துகொள்கிறாள். தமிழின் மிக விரிவான அழகுக் குறிப்புகளில் ஒன்று அது. ஆனால் அந்த நீராட்டின் நோக்கம் மணம். நிறத்தை வேறாக்குவது அங்கே பேச்சிலேயே இல்லை. அதே காப்பியத்தில் மனையறம் படுத்த காதையில், புது மணவாளனான கோவலன் கண்ணகியின் நலம் பாராட்டுகையில், மங்கல அணி ஒன்று போதாதா, ஒப்பனை செய்தவர்கள் பிற அணிகளையும் உனக்குப் பூட்டியது எதற்கு என்று கேட்கிறான். அதிகப்படியான மணப்பெண் அலங்காரத்தைப் பற்றித் தமிழில் எழுந்த முதல் முறைப்பாடு இதுவாக இருக்கலாம். அப்படிக் கேட்டவன்தான் பின்னால் மாதவியின் வீட்டுக்குப் போனான் என்பதையும் மறக்கவேண்டாம்.

பழங்காலத்தைப் பொற்காலமாக்குவது என் நோக்கமல்ல. அகநானூற்றுப் பந்தலில் தண்ணீர் சொரியும் உரிமை மகனைப் பெற்றவளுக்குத்தான். பிள்ளையில்லாதவள் அந்த நால்வரில் ஒருத்தியாக முடியாது. அவர்கள் சொல்லும் வாழ்த்தும் கற்பு வழுவாமல் கணவன் விரும்பும்படி இரு என்பதுதான். கண்ணகிக்கு மணமானபோது வயது பன்னிரண்டு. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்ச மணவயதைப் பதினான்கு என்று வரையறுக்க வேண்டியிருந்தது. 1978-இல்தான் அது பதினெட்டானது. குழந்தை மணமகளிடம் யாரும் ஆலோசனை சொல்லவில்லை. பெரியவர்கள் பொம்மையைச் சிங்காரிப்பதுபோல் அவளைச் சிங்காரித்தார்கள், அவ்வளவுதான். மணப்பெண்ணை நோக்கி 'உங்கள் சருமத்துக்கு' என்று பேசும் குரல், அவள் வளர்ந்த பெண்ணாக, செலவுசெய்யக் கூடியவளாக மேடைக்கு வந்தபிறகு பலமாக எழுந்தது. அந்த வளர்ச்சியை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தக் குரல் அவளிடம் என்ன சொல்லியது என்பதுதான் கேள்வி.

1919-இல் பம்பாயில் 'ஆப்கான் ஸ்னோ' வந்தது. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. கறுத்த பெண்ணுக்கு வரன் அமையாது, களிம்பு தடவினால் அமையும் என்ற சின்னக் கதையைத் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லின. எதிர்ப்பும் இருந்தது. 2009-இல் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்கள் அமைப்பு 'கறுப்பே அழகு' என்ற பொருள்பட இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. கறுத்தவர்களைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று 2014-இல் விளம்பரத் தர மன்றம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020-இல் அந்தக் களிம்பு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் ஒரு பெரிய திருமண இணையதளம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. பெயர் மாறியது, ஆசை மாறியதா? 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், உரிமமில்லாத சிவப்பழகுக் களிம்புகளைப் பூசிவந்த சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காரணம் பாதரசம். தோலில் நிறமி உருவாவதை அது தடுக்கும், அதனால் வெளுப்பு வரும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். பசலை உண்ணும் என்று வெள்ளிவீதியார் சொன்னது உவமை. இது உவமையல்ல.

மணநாளில் ஒரு பெண் தன்னை அழகாகக் காண விரும்புவது இயல்பு. பட்டும் பூவும் மருதாணியும் அந்த விருப்பத்தின் மொழி. அவளுடைய தோலையே பிழை என்று சொல்லித் திருத்த வருவது வேறு காரியம். முன்னது அவளோடு சேர்வது, பின்னது அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் நான் பேசவில்லை. கல்யாண வீட்டில் சங்க இலக்கியம் பேசுகிறவனை யாரும் விரும்புவதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நலங்கில், அவளுடைய பெரியம்மாவும் அத்தைகளும் சுற்றி அமர்ந்து மஞ்சளும் சந்தனமும் பூசி, தலையில் பூத் தூவினார்கள். பிள்ளையில்லாத சித்தியையும் அவளே கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்காரவைத்தாள். நல்லாவூர் கிழார் பாட்டில் இல்லாத ஐந்தாவது பெண். அந்தக் காட்சி எனக்குப் போதுமாக இருந்தது.

வீடு திரும்பியதும் 86-ஆம் பாட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். மணம் முடிந்த இரவில், புத்தாடைக்குள் ஒடுங்கி, முகம் தாழ்த்தி, உள்ளுக்குள் பூரித்து நிற்கும் தன் மனைவியைக் கணவன் நினைவுகூரும் பாட்டு அது. அவளைச் சுட்டும் சொல்லைக் கடைசிவரை தள்ளிவைத்து, அந்தச் சொல்லோடு பாட்டை முடிக்கிறார் புலவர். மாஅயோள். மாநிறத்தவள் என்று பொருள்.