மனேயின் கடைசிப் பூங்கொத்துகள்

பூ, பழம், பாத்திரம் முதலியவற்றை மேசைமேல் வைத்து வரையும் படத்துக்குப் பிரெஞ்சில் 'நத்யூர் மோர்த்' என்று பெயர். 'செத்த இயற்கை' என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில், பூவைப் போய் ஏன் பிணமாக்குகிறார்கள் என்று நினைத்ததுண்டு. எதுவார் மனேயின் கடைசிக் காலத்தைப் படித்த பிறகு அந்தப் பெயர் எனக்கு அறவே ஒட்டவில்லை.

மனே 1832-இல் பாரிசில் பிறந்தவர். அல்லிக்குளம் வரைந்த மொனே வேறு. பெயர் பலரையும் குழப்பும். இம்ப்ரெஷனிஸ்டுகள் 1874 முதல் நடத்திய கண்காட்சிகள் ஒன்றிலும் மனே படம் வைக்கவில்லை. ஆனாலும் அந்த இளைஞர்களுக்கு அவரே முன்னோடி.

பூ அவருக்குப் புதிதல்ல. 1865-இல் பாரிசைக் கொதிக்க வைத்த 'ஒலிம்பியா'வில் பணிப்பெண் கையில் ஒரு பூங்கொத்து இருக்கிறது. 1882-இல் காட்சிக்கு வந்த 'ஃபொலி பெர்ழேர் மதுக்கூடம்' படத்திலும், விற்பனைப் பெண்ணின் முன்னால் கண்ணாடிக் குவளையில் இரண்டு ரோஜாக்கள். இரண்டிலும் பூ துணைக்கு வந்ததுதான்.

அதற்குள் காலில் நோய் முற்றிவிட்டது. நெடுநேரம் நின்று பெரிய கித்தானில் வரைய முடியவில்லை. பார்க்க வந்த நண்பர்கள் பூக்கள் கொண்டுவந்தார்கள். அவற்றைக் கண்ணாடிச் சாடியில் வைத்து வரைந்தார். ரோஜா, வெள்ளை லைலாக், கார்னேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு படங்கள்.

மதுக்கூடப் படத்தின் அகலம் 130 செ.மீ. பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்னேஷன், கிளெமாடிஸ் பூக்களின் படமோ சுமார் 56 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம்தான். உடம்போடு கித்தானும் சுருங்கிவிட்டது. ஆனால் ஓரத்தில் நின்ற பூ நடுவுக்கு வந்துவிட்டது. சாடிக்குள் பாருங்கள்: தண்ணீரும் காம்பும் வெளிச்சமும் சில தூரிகை வீச்சுகளில் கலந்து கிடக்கின்றன. கிட்டத்தில் வெறும் வண்ணத் தீற்றல். சற்றே தள்ளி நின்றால் ஈரம் தெரியும்.

1883 ஏப்ரல் 20 அன்று இடது காலை அறுத்தெடுத்தார்கள். பத்தாம் நாள், ஏப்ரல் 30, மனே காலமானார். வயது 51.

அன்றைய கலைக்கழகத்தார் கணக்கில் சரித்திரப் படம் முதல் வரிசை, பூப்படம் கடைசி வரிசை. முழங்கால் வலியால் நடை குறைந்துபோன இந்த வயதில், நான் அதிக நேரம் பார்ப்பது அந்தக் கடைசி வரிசைப் படத்தைத்தான். அதிலும் பூவைவிட, தண்ணீருக்குள் நிற்கும் காம்புகளை.