மடிக்கணினியின் வரைகலைத் திறன் மேம்பாடு: தமிழ்நாட்டு மாணவர்களின் பார்வையில்

மடிக்கணினியின் வரைகலைத் திறன் என்பது படங்கள், காணொளிகள், முப்பரிமாண உருவங்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் ஆற்றலாகும். மேசைக் கணினியில் இத்திறனை உயர்த்துவது எளிது. பெட்டியைத் திறந்து பழைய கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். மடிக்கணினியில் பெரும்பாலும் அவ்வாறு செய்ய இயலாது. அது ஏன் என்பதை வரைகலைச் செயலகத்தின் வரலாறு விளக்குகிறது.

விலையில்லா மடிக்கணினித் திட்டம்

தமிழ்நாட்டில் இக்கேள்வி மாணவர்களிடையே பரவலாக எழக் காரணம் விலையில்லா மடிக்கணினித் திட்டம். முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இதைத் தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான மடிக்கணினிகளை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை, திருமயம், பொன்னமராவதி போன்ற பகுதிகளின் மாணவர்களும் இவற்றைப் பெற்றனர். பல குடும்பங்களில் வீட்டுக்கு வந்த முதல் கணினி இதுவே.

பாடம் படிக்கவும் தட்டச்சுப் பழகவும் இக்கணினி போதுமானதாக இருந்தது. பொறியியல் வரைபடம், முப்பரிமாண வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு என்று வரும்போதுதான் அது திணறியது. ‘கிராபிக்ஸ் கார்டு போட முடியுமா?’ என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

தனிச் செயலகமும் உள்ளிணைந்த செயலகமும்

என்விடியா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மடிக்கணினிகளுக்கென ‘ஜீஃபோர்ஸ் 2 கோ’ என்ற வரைகலைச் செயலகத்தை வெளியிட்டது. 2004-இல் கழற்றி மாட்டக்கூடிய வரைகலை அட்டைக்கான ‘எம்எக்ஸ்எம்’ என்ற தரநிலையும் வந்தது. ஆனால் வெப்பம் தணிக்கும் அமைப்பும் உள்ளிடமும் ஒவ்வொரு மடிக்கணினியிலும் வேறுபட்டன. ஒன்றுக்குரிய அட்டை மற்றொன்றில் பொருந்துவது அரிதாயிற்று. மெல்லிய மடிக்கணினிகள் பரவியபோது செயலகங்கள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டன.

2011 சனவரியில் வெளியான இன்டெலின் ‘சாண்டி பிரிட்ஜ்’, ஏஎம்டியின் ‘ஃபியூஷன்’ ஆகியவை மையச் செயலகத்தையும் வரைகலைச் செயலகத்தையும் ஒரே சில்லில் அமைத்தன. இதனால் விலையும் மின்செலவும் குறைந்தன. குறைந்த விலை மடிக்கணினிகள் அனைத்தும் இவ்வழியையே பின்பற்றின. இவற்றில் கழற்றி மாற்றுவதற்குத் தனி அட்டையே கிடையாது.

நினைவகம் ஏன் முக்கியம்?

உள்ளிணைந்த வரைகலைச் செயலகத்துக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ரேமையே அது பகிர்ந்துகொள்கிறது. அக்கால 14 அங்குல மடிக்கணினிகளில் பரவலாக இருந்த 1366 × 768 திரையில் ஏறத்தாழ 10.5 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட்டு எனக் கொண்டால் ஒரு முழுப்படத்துக்குச் சுமார் 42 லட்சம் பைட்டுகள் தேவை. நொடிக்கு 60 படங்கள் என்றால் 25 கோடி பைட்டுகள். இது திரையில் காட்டுவதற்கு மட்டும் ஆகும் அளவு. முப்பரிமாணக் காட்சியில் ஒவ்வொரு புள்ளியையும் பலமுறை கணக்கிட வேண்டியிருப்பதால் தேவை பல மடங்காகிறது.

டிடிஆர்3-1333 வகை ரேம் ஒன்று நொடிக்கு அதிக அளவாகச் சுமார் 1,066 கோடி பைட்டுகளைக் கொண்டுசெல்லும். அதிலும் மையச் செயலகத்துக்குப் பங்கு உண்டு. ஒரே வகையும் கொள்ளளவும் கொண்ட இரண்டாவது ரேமைச் சேர்த்தால் பாதை இரட்டிப்பாகும். ஆகவே இரண்டாவது ஸ்லாட் உள்ள பழைய மடிக்கணினிகளில், குறைந்த செலவில் வரைகலைத் திறனை உயர்த்தும் வழி ரேம் சேர்ப்பதே.

வெளியே இணைக்கும் முயற்சிகள்

வரைகலை அட்டையைக் கணினிக்கு வெளியே வைக்கும் முயற்சிகளும் நடந்தன. 2011-இல் அறிமுகமான ‘தண்டர்போல்ட்’ இணைப்பின் மூன்றாம் பதிப்பு 2015-இல் நொடிக்கு 40 கிகாபிட் வேகத்தை எட்டிய பிறகு இது நடைமுறைக்கு வந்தது. எனினும் தண்டர்போல்ட் இல்லாத மடிக்கணினிக்கு இது பயன்படாது. தனிப் பெட்டி, மின்வழங்கி, அட்டை ஆகிய மூன்றின் விலையும் சேர்ந்தால் புதிய மடிக்கணினியின் விலையை நெருங்கிவிடும். 2024-இல் விற்பனைக்கு வந்த அமெரிக்காவின் ‘ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16’, வரைகலைப் பகுதியைக் கழற்றி மாற்றும் வசதியை மீண்டும் கொண்டுவந்தது. இதன் விலையும் எளிய மாணவர்களுக்கு எட்டுவதன்று.

மென்பொருள் வழி

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ் லினக்ஸ்’ இயக்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. இது சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கியது. உற்பத்தியாளர்கள் பழைய வரைகலைச் செயலகங்களுக்கு இயக்கிகளை வழங்குவதை நிறுத்திய பிறகும், ‘மெசா’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் லினக்சில் அவற்றைப் பேணிவருகிறது. சாண்டி பிரிட்ஜ் உள்ளிட்ட பழைய இன்டெல் செயலகங்களுக்கென 2021-இல் ‘குரோகஸ்’ என்ற புதிய இயக்கியும் அதில் சேர்க்கப்பட்டது. மென்பொருளால் வன்பொருளின் எல்லையைத் தாண்ட முடியாது. ஆயினும் பழைய கணினி மேலும் சில ஆண்டுகள் உழைக்க அது உதவும்.

கொள்முதலின் பங்கு

மடிக்கணினி ஒன்றின் வரைகலைத் திறனைப் பின்னாளில் எவ்வளவு உயர்த்தலாம் என்பது, அது வடிவமைக்கப்படும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கடையில் வாங்குபவர் இரண்டாவது ரேம் ஸ்லாட் உண்டா, ரேம் பற்றவைக்கப்பட்டுள்ளதா என்று கேட்டு வாங்கலாம். அரசிடமிருந்து பெறும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்காகக் கேட்க வேண்டிய இடம் ஒப்பந்தப்புள்ளிதான். தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய கொள்முதலில் கூடுதல் ரேம் ஸ்லாட் போன்ற ஒரு சிறு நிபந்தனைகூட, ஒரு மாணவர் படிப்பை முடித்து வேலை தேடும் காலம்வரை அவரது கணினி பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.