செம்பனைக் கழிவுநீர் ஹைட்ரஜன் (பேராக்)

ஈப்போவைச் சூழ்ந்த பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. ஆலையில் செம்பனைக் குலைகளை நீராவியில் அவிக்கும்போதும் எண்ணெயைத் தெளியவைக்கும்போதும் வடியும் பழுப்புநிறக் கழிவுநீர், ஒரு டன் கச்சா செம்பனை எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 டன் சேர்கிறது. திறந்த குளத்தில் விட்டால் அது நொதித்து மீத்தேனைக் கக்கும். நாற்றத்தை முதலில் சுமப்பது அருகிலுள்ள குடியிருப்புகளே. மூடிய கலனில் மீத்தேன் நுண்ணுயிர்களை ஒடுக்கி, சற்றே அமிலத்தன்மையில் வைத்தால் குளோஸ்திரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் அதிலிருந்தே ஹைட்ரஜன் தரும். ஆலையிலிருந்து கழிவு சுடச்சுட வருவதால் கலனுக்குத் தனி வெப்பமும் அதிகம் தேவையில்லை.

விளைச்சல் சொற்பம் என்ற மறுப்பில் உண்மை உண்டு: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏட்டளவில் 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகள், நடைமுறையில் பெரும்பாலும் அதில் பாதிதான். ஆயினும் மிஞ்சும் அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களை இரண்டாம் கலனில் மீத்தேனாக்கி ஆலைக்கே மின்சாரம் எடுக்கலாம். ஆகவே ஹைட்ரஜனை மட்டும் எடைபோட்டு இம்முறையை ஒதுக்குவது பிழையான கணக்கு.